பாட்டுக் கட்டியவரும் பாடிப் பரிசு பெற்றவரும்

பாட்டுப் போட்டி தமிழர்க்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வள்ளி திருமணம் நடைபெறும் இரவுகளில், நாரதர் வேடம் பூண்டவரும் வள்ளியாக வந்தவரும் விடியும்வரை தர்க்கம் புரிவர். எழுதிக் கொடுத்த பாடம் அதில் ஒரு பங்கே. மேடையில் நின்றவாறே சொல் தேடி, சந்தம் பிடித்து, எதிராளியை மடக்குவது மறுபங்கு. தீர்ப்பு வழங்கியவர்கள் தரையில் அமர்ந்திருந்த ஊரார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் ஒருவரை ஒருவர் விஞ்சிப் பாடுவதைக் கேட்கக் கூட்டம் திரண்ட காலம் அது. காவிரியின் அக்கரையில் கொடுமுடி, இக்கரையில் நாமக்கல் வட்டாரம். இடையில் ஓர் ஆறுதான்.

அந்த இக்கரையில், மோகனூரில், 1888இல் பிறந்தவர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1930இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியம் சென்ற உப்புச் சத்தியாக்கிரகப் படையினர் வழிநெடுகப் பாடிச் சென்றது அவர் எழுதிய நடைப்பாட்டை. எழுதியவர் ஒருவர், பாடியவர் பலர். எனினும் அது நாமக்கல் கவிஞரின் பாட்டு என்பதை எவரும் மறந்தாரில்லை.

பாட்டை எழுதுபவர் ஒருவர், இசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் இன்னொருவர் எனப் பிரித்து வைத்த பெருமை, அல்லது பழி, திரைப்படத்தைச் சாரும். அந்தப் பிரிவினை இப்பகுதியிலேயே கண்ணெதிரே நிகழ்ந்தது. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், கலைஞர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, ஆலைபோல ஒழுங்காகப் படம் எடுத்த நிறுவனம். அதன் ‘மந்திரி குமாரி’ (1950) படத்திற்குப் பாடல் எழுதியவர்களுள் அ. மருதகாசியும் கா.மு. ஷெரீபும் அடங்குவர், இசை ஜி. ராமநாதன், பாடியவர்களுள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் டி.எம். சௌந்தரராஜனும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் துறையில் வல்லவர். ஆனால் தாமே கட்டித் தாமே பாடும் நாட்டுப்புறப் பாணனுக்கு அந்த வரிசையில் எந்த நாற்காலியும் போடப்படவில்லை. ஏற்காடு சாலையில் இன்று எஞ்சி நிற்பது அந்நிறுவனத்தின் முகப்பு வளைவு மட்டுமே. அது கற்பித்த வேலைப் பிரிவினையோ நாடெங்கும் நிலைத்துவிட்டது.

பின்னர் வந்த தொலைக்காட்சி அப்பிரிவினையைத் தன் போட்டிகளுக்கு இலக்கணமாகவே கொண்டது. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் புகழ்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’ தமிழகத் திரைக்கு வந்தது, ஏ.வி. ரமணனின் ‘சப்தஸ்வரங்கள்’ வந்தது. 2006இல் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியது. இவற்றில் பெரும்பாலும் பாடப்படுவன எல்லோரும் அறிந்த திரைப்பாடல்களே. சுருதி விலகியதா, தாளம் தப்பியதா, மூலத்தில் உள்ள கமகம் விழுந்ததா என்று நடுவர்கள் ஒப்பிட்டுச் சொல்வர். ஒப்பிட மூலம் வேண்டுமே! தன் பாட்டைத் தானே கட்டுகிறவனுக்கு மூலம் அவன் நாவில்தான் உள்ளது. நின்ற இடத்தில் பாட்டுக் கட்டிய கொல்லங்குடி கருப்பாயி வானொலி வழியே அறியப்பட்டு, ‘ஆண் பாவம்’ (1985) படத்தில் நடிக்கவும் செய்தார். அவரை இத்தகைய மேடையில் நிறுத்தியிருந்தால் முதற்சுற்றைத் தாண்டியிருப்பாரா என்பது ஐயமே.

இந்நிலையில்தான் சூப்பர் சிங்கரின் ஆறாம் பருவத்திற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில் கணேஷும் அவர் துணைவியார் ராஜலட்சுமியும் வந்தனர். இருவரும் திருவிழா மேடைகளில் பல்லாண்டு பாடிப் பழகியவர்கள். சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடி மாதத்து மாரியம்மன் விழாவைக் கண்டவர்க்கு அம்மேடை எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. கேட்பவர் எழுந்து போகலாம், பேசலாம், சீட்டியடிக்கலாம். அவர்களை உட்கார வைப்பதற்குக் குரல் மட்டும் போதாது; பாட்டுக்கு நடுவே பேச்சும், பேச்சுக்கு நடுவே நையாண்டியும், ஊருக்கேற்பச் சொல்லை மாற்றும் துணிவும் வேண்டும். அக்கல்வியை எந்த இசைப்பள்ளியும் வகுப்பில் வைத்துக் கற்பிப்பதில்லை.

அவர்கள் திரைப்பாடல்களுக்கு இடையே தம் மேடைப் பாடல்களையும் கொண்டுவந்தனர். அவற்றுள் பல, அவர்களுடைய ஆசானும் பாடலாசிரியருமான செல்ல தங்கையா கட்டியவை. எனவே இத்தம்பதியரைப் பாடகர்கள் என்று மட்டும் கூறுவது முழுமையாகாது. பாட்டுக் கட்டுகிற ஒரு குழுவின் குரல்கள் அவர்கள். மனைவி இறுதிச் சுற்றுக்கு முன்பே விலக நேர்ந்தது, கணவர் தொடர்ந்தார். 2018 ஜூலையில் நடந்த இறுதிப் போட்டியில், மக்கள் வாக்கில் செந்தில் கணேஷ் வென்றார். பரிசு, 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு.

ஒரே வகைப் பாட்டைப் பாடியே வென்றார் என்ற முறையீடு அப்போது எழுந்தது. அது முற்றிலும் தவறெனச் சொல்ல முடியாது. பல வகைப் பாடல்களிலும் முறையான பயிற்சி பெற்ற இளைஞர்கள் அப்பருவத்தில் இருந்தனர். நுட்பத்தை மட்டும் நிறுத்தால் தட்டு அவர்கள் பக்கம் தாழ்ந்திருக்கவும் கூடும். ஆயின் மக்கள் நிறுத்தது வேறொன்று. வள்ளி திருமணத்தின் தர்க்கத்தைக் கேட்டு ஊரார் தீர்ப்புச் சொன்ன அதே உரிமையை, இம்முறை கைப்பேசியின் வாயிலாகப் பயன்படுத்தினர். நடுவர் குழு வகுத்த இலக்கணத்தை மீறிப் பழைய இலக்கணம் ஓர் இரவு தலைதூக்கியது என்றே கொள்ளலாம்.

அதன்பின் திரையுலகம் அழைத்தது. ‘சீமராஜா’ (2018) படத்தில் டி. இமானின் இசையில் செந்தில் கணேஷ் பாடினார். மேடையில் அவர்கள் பாடிவந்த ‘சின்ன மச்சான்’, அம்ரீஷின் இசையமைப்பில், இருவர் குரலிலும் ‘சார்லி சாப்ளின் 2’ (2019) படத்தில் இடம்பெற்றுப் பட்டிதொட்டியெங்கும் பரவியது. 2021இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ் வடிவில் ராஜலட்சுமி பாடிய பாடலும் பெரும்புகழ் பெற்றது. அது தெலுங்கில் பிறந்த பாட்டு. மெட்டு தேவி ஸ்ரீ பிரசாத்துடையது. மூலம் ஒன்றைப் பின்பற்றிப் பாடும் வேலைக்கு அவர் வந்து சேர்ந்துவிட்டார். அவர் குரலில் இருந்த மண்வாசனைக்காகவே அழைத்தார்கள் என்பது மெய். அவ்வாசனை வளர்ந்த பாட்டுக்காக அல்ல என்பதும் மெய். குரலுக்குத் திறந்த கதவு கட்டும் திறனுக்குப் பாதியளவே திறந்தது.

இக்கதையில் எண்ணிப் பார்க்கத்தக்க முரண் ஒன்றுண்டு. ஊர்த் திருவிழாவில் பாட்டு ஒலிக்கும்போது, அதைக் கட்டியவர் யார் என்று மேடையில் சொல்லும் வழக்கம் பொதுவாக இல்லை. நாட்டுப்பாட்டு என்றாலே அது ஊர்ப் பொது, தலைமுறைக்குச் சொந்தம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியது. தொலைக்காட்சிப் போட்டியோ பாடுபவரின் முகத்தை மட்டுமே காட்டியது. பாட்டைத் துண்டுபோட்டதாக நாம் குறைகூறும் அத்திரைப்படந்தான், ‘சின்ன மச்சான்’ பாடலுக்குப் பாடலாசிரியர் செல்ல தங்கையா என்று பெயர் எழுதியது.