மெய்தானா என்று கேட்டவர்

பைபிளில் உள்ளதைச் சிலர் ஏன் ஐயுறுகிறார்கள்? வரலாற்றில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்றோர் இடம். 1860 முதல் நம்மவர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிச் சென்ற இடம் அது. அங்கே ஆங்கிலத் திருச்சபையின் பேராயராக இருந்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ. முன்னர்க் கணித ஆசிரியர். எண்கணிதப் பாடநூல் எழுதியவர்.

அவர் பைபிளை ஜூலு மொழியில் பெயர்த்து வந்தார். உடனிருந்து உதவியவர் வில்லியம் ங்கிடி என்னும் ஜூலு இனத்தவர். பெருவெள்ளக் கதை வந்தது. விலங்குகளெல்லாம் இணை இணையாக நோவாவின் பேழைக்குள் ஏறியது மெய்தானா, அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தாரா என்று ங்கிடி கேட்டார். தாம் நம்பாததை மெய்யென்று சொல்லப் பேராயருக்கு மனம் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தார். எகிப்தை விட்டுப் புறப்பட்ட ஆடவர் மட்டுமே 6 லட்சம் என்கிறது பைபிள். பெண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். பாலைவனத்தில் இவர்களுடைய ஆடுமாடுகளுக்குப் புல் ஏது? நீர் ஏது? 1862இல் இவற்றை நூலாக வெளியிட்டார். 1863இல் கேப்டவுன் பேராயர் ராபர்ட் கிரே அவரைப் பதவி நீக்கினார். அது செல்லாதென்று 1865இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

பைபிளின் ஒவ்வோர் எழுத்தும் மெய் என்பார் உண்டு. அதன் எண்களை அப்படியே வரலாறாகக் கொள்ளலாகாது என்னும் கிறிஸ்துவ அறிஞரும் உண்டு. கொலென்சோ ஐயுற்றாரேயன்றி, கடவுளைக் கைவிடவில்லை. 1883இல் மறையும்வரை நேட்டாலிலேயே தொண்டாற்றினார். ஜூலு மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்தார்.

ஐயம் வேறு, மறுப்பு வேறு. நம் பிள்ளைகள் "மெய்தானா?" என்று கேட்கும்போது அதட்டி அடக்காமல் இதை நினைவிற்கொள்வோம்.