நீரியல் உந்துதண்டு எக்கிகளில் எண்ணெய்ப் படலம்: வரலாறு

நீரியல் எக்கியிலும் மோட்டாரிலும் பிஸ்டன் எனப்படும் உந்துதண்டு உருளைக்குள் ஓடும்போது, உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது சில மைக்ரோமீட்டர் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம் ஆகும். இவ்வளவு மெல்லிய படலம் பெரும் சுமையைத் தாங்கும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது.

1883-ல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காகப் பீச்சம் டவர் தாங்கிகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலே வந்தது. தக்கையால் அடைத்தார், பிறகு மர ஆப்பு வைத்தார், இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டியது. தாங்கியின் மீதிருந்த சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான். ஆப்பு தெறித்ததை ஒரு தொல்லையாக மட்டும் கருதி விட்டுவிடாமல் அளந்து பார்த்ததே டவரின் சிறப்பு. 1886-ல் ஆசுபோர்ன் ரெனால்ட்சு இதற்குக் கணித விளக்கம் தந்தார்: நகரும் பரப்பு எண்ணெயைக் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்வதால் அங்கு அழுத்தம் எழுகிறது.

1795-ல் பிராமா தம் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்ற காலம் முதல் இத்துறையில் தண்ணீரே பயன்பட்டு வந்தது. தண்ணீர் பாகுத்தன்மை குறைந்தது. இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும். 1906-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் வர்ஜீனியாவின் பீரங்கிகளை இயக்க எண்ணெயில் செயல்படும் நீரியல் அமைப்பு பொருத்தப்பட்டது. ஆற்றலைக் கடத்தும் அதே எண்ணெய் உயவும் செய்தது.

ஆனால், ரெனால்ட்சு சொன்ன அழுத்தம் எழ நகர்வு வேண்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் மோட்டாரில் அது இல்லை. அதனால்தான் தொடக்க முறுக்குவிசை ஓட்டத்தில் கிடைப்பதைவிடக் குறைகிறது. சாய்தட்டு எக்கிகளில் உந்துதண்டின் முனையில் 'ஸ்லிப்பர்' எனும் பாதம் உண்டு. உந்துதண்டின் நடுவே உள்ள நுண்துளை வழியாக உயரழுத்த எண்ணெய் அப்பாதத்தின் அடியிலுள்ள குழிக்கு வந்து, சுமையின் பெரும்பகுதியை வேகத்தின் உதவியின்றியே தாங்குகிறது. எளிமையான, அழகான தீர்வு இது.

படலம் தடித்தால் நல்லது என்று சொல்லிவிடவும் முடியாது. இடைவெளி இரு மடங்கானால் பாகுநிலை உராய்வு பாதியாகும். கசிவோ எட்டு மடங்காகும். பிற்காலத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் மோனிகா இவான்டிசினோவாவின் குழு இப்படலங்களைக் கணினியில் ஆராய்ந்தபோது, உலோகத்தின் நெளிவையும் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட்டது. அழுத்தத்தில் உலோகம் நெளியும் அளவே படலத்தின் தடிப்புக்கு இணையாகிவிடக்கூடும்.