மானிப்பாய் மருத்துவப் பள்ளியும் தமிழ்வழி மருத்துவக் கல்வியும்

மருத்துவக் கல்வி நிறுவனமொன்றின் பணிகள் மூன்று எனக் கொள்வது வழக்கு. மாணவரைப் பயிற்றுதல், அறிவை வளர்த்தல், நோயாளரைப் பராமரித்தல் என்பனவே அவை. இம்மூன்றும் ஓரிடத்தே நிகழும்போது ஒன்றையொன்று வளம்படுத்துகின்றன. நோயாளியின் படுக்கையருகே மாணவன் கற்கின்றான். அங்கு எழும் ஐயங்களிலிருந்து ஆய்வு பிறக்கின்றது. ஆய்வின் பயன் மீண்டும் நோயாளியைச் சென்றடைகின்றது. ஆயின் இத்தொடர்பு எந்த மொழியில் நிகழ்தல் வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இயங்கிய மருத்துவப் பள்ளி இவ்வினாவை நேராக எதிர்கொண்டது. அவ்வகையில் அதன் வரலாறு ஆராயத்தக்கதாகின்றது.

அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தம் பணியைத் தொடங்கினர். 1820 இல் பண்டத்தரிப்பில் அமர்ந்த ஜோன் ஸ்கடரும், அவருக்குப் பின் வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்த நேதன் வார்டும் மேனாட்டு மருத்துவத்தை இங்கு அறிமுகஞ் செய்தோராவர். எனினும் அவர்கள் வருகைக்கு முன்னர் இம்மண்ணில் மருத்துவ அறிவு இருக்கவில்லை எனக் கருதுதல் தவறாகும். செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண மன்னர் காலத்து மரபைச் சுட்டி நிற்கின்றன. பரம்பரை வைத்தியர்கள் கிராமந்தோறும் வாழ்ந்தனர். அவர்களது அறிவு தமிழிலேயே வழங்கியது. நோயைத் தமிழிற் பேசுவதும், மருந்தைத் தமிழில் எழுதுவதும் இம்மக்களுக்குப் புதியனவாக இருக்கவில்லை. பின்னர் நிகழ்ந்த முயற்சி வெறும் நிலத்தில் எழுந்ததன்று என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822 இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். சிறிது காலம் வட்டுக்கோட்டையில் தங்கிய பின்னர் மானிப்பாயைத் தம் நிலையமாகக் கொண்டு, 1848 இலே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் பயிற்றத் தொடங்கினார். அக்காலத்தே கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியிருக்கவில்லை. அது 1870 இலேயே நிறுவப்பட்டது. எனவே இலங்கையில் மேனாட்டு மருத்துவத்தை ஒழுங்காகக் கற்பித்த முன்னோடி நிலையங்களுள் மானிப்பாய்க்குச் சிறப்பான இடமுண்டு.

தொடக்கத்தில் அங்கு ஆங்கிலமே போதனா மொழியாயிற்று. 1823 இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் நன்கு பயின்ற இளைஞர்கள் மருத்துவ மாணவராக வந்தனர். மாணவர்கள் நூலைக் கற்றதோடு, நாள்தோறும் வந்த நோயாளரைப் பார்வையிடவும், மருந்து கலக்கவும், புண்களைக் கட்டவும், சத்திர சிகிச்சையில் உதவவும் பழகினர். வகுப்பும் வைத்தியசாலையும் வேறுவேறாக இருக்கவில்லை.

ஆயினும் இம்முறையின் குறைபாடு விரைவிற் புலனாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவங் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடினான். ஊதியம் எங்கு மிகுதியோ அங்கு சென்றான். கிராமம் அவனை இழந்தது. நடையுடையில் அந்நியனாக மாறிய மருத்துவனுக்கும் நோயாளிக்கும் இடையே தூரமும் பெருகியது. இன்னொருபுறம் 1855 இலே செமினரி மூடப்பட்டமையால் ஆங்கிலம் அறிந்த மாணவரைப் பெறும் வழியும் சுருங்கியது. இவ்விரு காரணங்களும் போதனா மொழி பற்றிய மறுசிந்தனைக்கு வித்திட்டன. 1857 இல் தாயகஞ் சென்று 1862 இல் மீண்டுவந்த கிறீன், 1864 ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பிக்கலானார். மேனாட்டு அறிவைப் பெறுவதற்கு மேனாட்டு உடையும் மொழியும் இன்றியமையாதன அல்ல என்பது அவரது உறுதியான கொள்கையாகும். கிராமத்தவனாகவே வாழ்ந்து கிராமத்தவர்க்கு மருந்தளிக்கும் மருத்துவனையே அவர் உருவாக்க விழைந்தார்.

தமிழிற் கற்பிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டியிருந்தன. இத்தேவையே மானிப்பாய்ப் பள்ளியை ஓர் ஆய்வு நிலையமாக மாற்றியது எனலாம். இங்கு ஆய்வென்பது புதிய நோய்களைக் கண்டறிதலைக் குறிக்கவில்லை. ஓர் அறிவுத்துறை முழுவதையும் இன்னொரு மொழியின் சொல்வளத்துள் அமைக்கும் கடும் உழைப்பையே அது குறித்தது. சத்திர சிகிச்சை பற்றிய துருவிற்றின் நூல் ‘இரண வைத்தியம்’ என 1867 இல் வெளிவந்தது. கிறேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, ஹூப்பரின் நூலைத் தழுவிய ‘வைத்தியாகரம்’ ஆகியன 1872 இல் வந்தன. இரசாயனம் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875 இலும், உடற்றொழிலியல் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ 1883 இலும் வெளியாயின.

இந்நூல்கள் தனியொருவர் ஆக்கங்கள் அல்ல. டன்போர்த், சப்மன் முதலிய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பிற் பெரும்பங்கு கொண்டனர். கற்கும் மாணவனே தனது பாடநூலின் ஆக்கத்திலும் பங்குபெறும் நிலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் அரிதாகவே காணப்படுவதாகும். கலைச்சொல்லாக்கத்தில் ஒரு முறைமை பின்பற்றப்பட்டது. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் முதலிலே தேடப்பட்டது. அது கிட்டாதவிடத்து வடசொல் கொள்ளப்பட்டது. இரண்டும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச்சொல் தமிழ் ஒலிக்கேற்பத் திரிக்கப்பட்டது. இரணம், அங்காதிபாதம், கெமிஸ்தம் என்னும் நூற்பெயர்களே இவ்வணுகுமுறையைக் காட்டி நிற்கின்றன. பிற்காலத்தில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனவியல் முதலாய சொற்கள் வழக்கிற்கு வந்து அப்பழைய சொற்களை அகற்றிவிட்டன. சொற்கள் மறைந்தனவாயினும், அறிவியலைத் தமிழிற் கூறமுடியும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

நோயாளர் பணியே இம்முயற்சிகளின் உரைகல்லாக அமைந்தது. பேதி நோய் யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கிய காலம் அது. 1866 ஆம் ஆண்டையொட்டிப் பரவிய பேதி பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. அத்தகைய வேளைகளில் நோய் கண்ட ஊர்களிலேயே தங்கிப் பணிபுரியக்கூடிய மருத்துவர்களின் பயன் வெளிப்படையாயிற்று. கிறீனிடம் கற்றோர் அறுபதுக்கு மேற்பட்டோராவர். அவருட் சிலர் யாழ்ப்பாண நகரில் 1850 அளவில் நிறுவப்பட்ட நட்புதவிச் சங்க வைத்தியசாலையிலும் பணியாற்றினர். அவ்வைத்தியசாலையே பிற்காலத்தில் அரசினர் வைத்தியசாலையாகி, இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது.

எனினும் இவ்வரலாற்றைப் போற்றியுரைப்பதோடு அமைதல் வரலாற்று நோக்காகாது. மானிப்பாய்ப் பள்ளி மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட மிசனின் ஓர் அங்கமாகும். மருந்து நாடி வந்தவர் மதபோதனையையுங் கேட்க நேர்ந்தது. நாட்டு வைத்தியத்தின் அனுபவ அறிவு உரிய முறையில் ஆராயப்பட்டது என்றுங் கூறுவதற்கில்லை. தமிழ் மொழிக்கு அளிக்கப்பட்ட மதிப்புத் தமிழ் மருத்துவ மரபுக்கு அதே அளவில் அளிக்கப்படவில்லை.

கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் 1884 இல் இறக்கும்வரை தமிழ் நூல்களுக்காகவே உழைத்தார். தமிழருக்குச் செய்த மருத்துவப் பணியைக் குறிக்கும் வாசகம் அவரது கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. தமிழின் இயலாமையே அதற்குக் காரணம் எனக் கூறுவோர் உளர். வரலாறு அக்கூற்றை ஆதரிப்பதாயில்லை. நூல்கள் இருந்தன, ஆசிரியர்கள் இருந்தனர், நோயாளரும் இருந்தனர். இல்லாதிருந்தது அரசின் அங்கீகாரமும் அதனோடு வரும் உத்தியோகமுமே. கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தையே போதனா மொழியாகக் கொண்டது. பதவியும் ஊதியமும் அதன்வழிச் சென்றன. குடியேற்ற ஆட்சியிலே கல்விமொழியைத் தீர்மானித்தது பொருளாதார வாய்ப்பேயன்றி மொழியின் ஆற்றலன்று.

1960 ஆம் ஆண்டளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. மருத்துவம் இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட மருத்துவ பீடமும் இதற்கு விலக்கன்று. உலக அறிவோடு உடனுக்குடன் தொடர்புகொள்ள ஆங்கிலம் துணைசெய்கின்றது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் மருத்துவன் கற்ற மொழிக்கும் நோயாளி தன் நோவைக் கூறும் மொழிக்கும் இடையிலுள்ள இடைவெளி அதனால் நீங்கிவிடவில்லை. நோயின் பெயர், மருந்தின் பயன், சத்திர சிகிச்சையின் ஆபத்து ஆகியவற்றைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவ்விளக்கத்தை அளிக்கும் கடமை, கற்பிக்கும் நிறுவனத்தைச் சார்ந்ததாகும். ஆங்கிலத்தைக் கைவிடாமலே மருத்துவ மாணவனுக்குத் தமிழிற் பயிற்சியளித்தலும், தமிழிலே தரமான மருத்துவ நூல்களை ஆக்குதலும் இயலக்கூடியனவே. ஓர் அந்நியரும் அவர்தம் தமிழ் மாணவரும் குறைந்த வசதிகளோடு ஒரு கிராமத்திலே தொடங்கிய அப்பணியைத் தொடர்தல், பல்கலைக்கழகங்களும் போதனா வைத்தியசாலைகளும் நிறைந்துள்ள இக்காலத்துக்கு மிகையான கோரிக்கையாகாது.