லயத்துக்குள் ஒரு வால்வு அம்ப்: டிஜிட்டல் மொடலர் வாங்கும் முன்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் அக்காவின் மகன் கடந்த வருடம் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, தாத்தா வாசிச்ச மாதிரி சத்தம் வர்ற பொட்டி எது?" அவன் தோட்டத்து இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். அவனுடைய தாத்தா எனக்குப் பெரியப்பா. 1970களில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் மின்கிட்டார் வாசித்தவர்.

பெரியப்பாவின் அம்ப் கடையில் வாங்கியதல்ல. டவுனில் ரேடியோ திருத்தும் ஒருவர் பழைய ரேடியோகிராம் ஒன்றைப் பிரித்து, பலகைப் பெட்டிக்குள் அமைத்துக் கொடுத்தது. 1981 ஓகஸ்ட்டில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது குடும்பம் உடுத்த துணியோடு வெளியேறி வவுனியாவுக்குப் போனது. பெட்டி லயத்திலேயே கிடந்தது. பின்னர் அதை யாரும் காணவில்லை. அடுத்த முப்பது வருடங்களில் வன்னியில் நடந்தவற்றை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு ஒலிப்பதிவு நாடாகூட மிஞ்சவில்லை. அக்கா கலியாணம் முடித்து மீண்டும் இந்தப் பக்கம் வந்ததால்தான் கிட்டாரும் திரும்பி வந்தது.

மகனுக்காக நான் தேடித் தெரிந்துகொண்டவை வேறு பலருக்கும் உதவலாம்.

அந்தக் காலத்துச் சத்தம் எது?

கருவியைத் தேடுவதற்கு முன் சத்தத்தைத் தீர்மானிக்க வேண்டும். பழைய வால்வு அம்புகளில் பெரும்பாலும் மூன்று குடும்பங்கள் பேசப்படுகின்றன. அமெரிக்காவின் ஃபெண்டர் தெளிவானது, மணி போல ஒலிப்பது. பிரித்தானியாவின் வொக்ஸ் ஏசி15, ஏசி30 ஆகியவை கூர்மையும் மினுக்கமும் கொண்டவை. 1962இல் வந்த ஜேடிஎம்45 முதலான மார்ஷல் அம்புகள் தடித்தவை, உறுமுபவை.

நம் நாட்டில் மின்கிட்டார் பரவியது த ஷடோஸ் குழுவின் காலத்தில். அவர்களின் 'அபாச்சி' வெளிவந்தது 1960இல். அவர்கள் வாசித்தது வொக்ஸ் அம்பிலும் நாடா எதிரொலிக் கருவியிலும். ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாடலுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்ததும் அதே 1960களில்தான். பிறகு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசை வந்தது.

பெரியப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "வெரல் அளவு வால்வு ரெண்டு இருந்திச்சு" என்றார். அந்தப் பதில் பெரிய உதவி. ஐரோப்பிய ரேடியோகிராம்களில் அன்று பரவலாக இருந்த ஈஎல்84 என்ற வால்வு விரல் அளவுதான். வொக்ஸ் ஏசி15இல் அதே வால்வு இரண்டு, ஏசி30இல் நான்கு. ஆகவே ரேடியோகிராமிலிருந்து பிறந்த ஊர் அம்ப் ஒன்றைத் தேடுபவர் வொக்ஸ் குடும்பத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

மொடலர் என்ன செய்கிறது?

வால்வு அம்பை அழுத்தி வாசித்தால் ஒலி திடீரென உடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கி, மேலதிக நாதங்களைச் சேர்த்துக்கொள்ளும். மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் கரகரப்பு. மொடலர் இந்த நடத்தையைக் கணித்துப் பின்பற்றும் சிறு கணினி. லைன் 6 கம்பனி 1998இல் பொட் என்ற கருவியை வெளியிட்ட பின் இது பரவலானது. இன்று நியூரல் அம்ப் மொடலர் என்ற இலவச மென்பொருள்கூட உண்டு. மடிகணினியும் ஓர் ஒலி இடைமுகக் கருவியும் இருப்பவர் அதிலிருந்தே தொடங்கலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மின்சாரம்: நமக்கு 230 வோல்ட். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கருவியின் அடெப்டரில் "100–240" என்று இருக்கிறதா எனப் பாருங்கள். அமெரிக்க 120 வோல்ட் அம்பை நேரடியாகச் செருகினால் அது எரிந்துபோகும். இடி இடிக்கும்போது கருவியைக் கழற்றி வைப்பது எங்கள் பக்கத்தில் கட்டாயம்.

பெட்டரி: 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சூம் ஜி1 ஃபோர், பொஸ் ஜிடி-1 இரண்டும் நான்கு சிறு பெட்டரிகளில் இயங்கும்.

சுவர்: லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் இரவில் தூங்க வேண்டும். ஹெட்போன் துளை இல்லாத கருவியை வாங்காதீர்கள்.

எண்ணிக்கை: "இருநூறு அம்ப்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். நல்ல மூன்று போதும். அவை உங்கள் விரலுக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்பதே சோதனை. கிட்டாரின் வொலியூமைக் குறைத்தால் ஒலி தெளிய வேண்டும். கூட்டினால் கரகரக்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் அந்தக் கருவி பழைய ஒலிக்கு உதவாது.

பெயர்: பல கம்பனிகள் அசல் அம்பின் பெயரைப் போடுவதில்லை. லைன் 6 தன் ஹீலிக்ஸ் வரிசையில் ஏசி30ஐ "எசெக்ஸ்" என்று அழைக்கிறது. கையேட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

எந்தக் கருவி யாருக்கு?

வீட்டில் பழகுபவருக்கும் முதல்முறை வாங்குபவருக்கும் மேலே சொன்ன சூம் அல்லது பொஸ் போதும். தனி ஸ்பீக்கர் வேண்டுமென்றால் யமஹா டிஎச்ஆர்10இன் முதல் தலைமுறை எட்டுப் பெட்டரிகளில் இயங்கும், அறைக்குள் இனிமையாக ஒலிக்கும். மேடையும் வேண்டும் வீடும் வேண்டும் என்பவருக்குப் பொஸ் கட்டானா 50. அதன் வலுவை அரை வாட் வரை குறைக்கலாம். கோயில் ஒலிபெருக்கியோடு நேரடியாக இணைத்து வாசிக்கும் குழுவுக்கு லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் சிறந்தது, ஆனால் விலை அதிகம்.

2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிய பின், புதிய கருவிகள் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாதவை ஆகிவிட்டன. பழையதை வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் ஒவ்வொரு குமிழையும் திருப்பி, ஒவ்வொரு கால் விசையையும் மிதித்து, வயரை ஆட்டிப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

அமைக்கும் முறை

அதிகம் பேர் செய்யும் தவறு ஒன்று. மொடலருக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியும் சேர்க்கப்பட்டிருக்கும். ஹெட்போனுக்கோ கோயில் ஒலிபெருக்கிக்கோ போகும்போது அது இயங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலி குளவி போல இரையும். கிட்டார் அம்புக்குள் செருகினால் அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒலி போர்வைக்குள் அமுங்கியது போலிருக்கும்.

பழைய ஒலிக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். வொக்ஸ் வகை அம்ப், கெயின் மூன்றிலொரு பங்கு, கூர்மையைக் குறைத்து, சிறிய ஸ்பீக்கர் பெட்டியைத் தெரிவுசெய்து, நாடா எதிரொலியை மெல்லச் சேர்த்தோம். மற்ற எல்லா விளைவுகளையும் அணைத்தோம்.

மகன் வாங்கியது பாவித்த சூம் ஒன்று. மூன்று மாதம் பழகிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாவுக்கு அழைப்பெடுத்து, தொலைபேசியை ஸ்பீக்கர் அருகில் வைத்து வாசித்தான். பெரியப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கிட்ட வந்துட்டடா. ஆனா எங்க பொட்டி சும்மா இருக்கும்போதும் உம்முனு இரையும்."

வால்வு அம்பின் அந்த இரைச்சலைக் கம்பனிகள் குறையாகவே பார்க்கின்றன, முடிந்தவரை அகற்றுகின்றன. எங்களிடம் இருக்கும் கருவியில் அதற்குக் குமிழ் இல்லை. எது கருவிக்குள் கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்து வாங்குவதே நல்லது. மிச்சத்தை, அந்த ஒலியைக் கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.