சாமி வராத ஞாயிறுகள்



நம் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-இல். சேலம் மறைமாவட்டமே 1930-இல் உருவானதுதான். அதற்கு முன் இப்பகுதி மக்களுக்கு ஆயர் என்றால் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் என்று தொலைவில் இருந்தவர். குருக்களும் சிலரே. ஒருவர் பல ஊர்களைச் சுற்றி வர மாதக்கணக்காகும். அப்படியானால் சாமி வராத ஞாயிறுகளில் கோவிலைத் திறந்தது யார்?

உபதேசியார். இன்று வேதியர் என்கிறோம்.

செபம் சொல்லிக்கொடுத்தார். திருமணத்துக்கு வந்த பிள்ளைகளைத் தயாரித்தார். சாகக்கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார், இறந்தவரை மந்திரித்து அடக்கம் செய்தார். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையையும் அவர்தான் தீர்த்தார். திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் மட்டும் சாமி வரும்வரை காத்திருந்தன. மொழி புதிதான வெளிநாட்டுக் குருவுக்கு நாவும் காதும் அவரே.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊருக்கு ஒருவரைச் செபம் கற்பிக்க நியமித்தார். அவர்களுக்குச் சம்பளம், போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணம்! 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, இருந்த குருக்களும் குறைந்தபோது, பல கிராமங்களில் விசுவாசம் அணையாதிருந்ததில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த உறவில் குறையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஊருக்கு அவர் பெரியவர். ஆனால் அவர் வேலையும் சொற்பச் சம்பளமும் சாமியின் கையில். பொறுப்பு நிறைய, சொல்லுக்கு மதிப்போ சாமியாரின் மனதைப் பொறுத்தது.

தொடக்கத் திருச்சபையில் கோடுகள் இவ்வளவு அழுத்தமாக இல்லை. திருத்தூதர் பணிகள் 6-ஆம் அதிகாரத்தில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டது பந்தியில் பரிமாற. அடுத்த பக்கத்திலேயே ஸ்தேவான் போதிக்கிறார், பிலிப்பு திருமுழுக்குக் கொடுக்கிறார். 20-ஆம் அதிகாரத்தில் எபேசின் மூப்பர்களையே பவுல் கண்காணிப்பாளர் என்றும் அழைக்கிறார். பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும், கணவனும் மனைவியுமாக, பேச்சாளரான அப்பொல்லோவுக்கே பாடம் சொன்னார்கள். ஆயர், குரு, திருத்தொண்டர் என்ற மூன்று நிலைகளை அந்தியோக்கு இஞ்ஞாசியார் 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாகப் பிரித்து எழுதுகிறார். பின்னர் காலப்போக்கில் அது படிக்கட்டு போலாயிற்று; வாசகரும் பீடத்துணைவரும் குருத்துவத்துக்கு ஏறும் படிகளானார்கள். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவ்விரண்டையும் பொதுநிலையினருக்கும் உரியவை என்றார். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்துவிட்டார்.

அதே ஆண்டு மே 10 அன்று வேதியர் பணியைத் திருச்சபையின் அதிகாரப்பூர்வத் திருப்பணியாக நிறுவினார். நம் உபதேசியார்கள் பட்டமின்றிச் செய்ததற்கு அன்றுதான் பெயர் கிடைத்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: வேதியர் குட்டிச் சாமியாராகிவிடக் கூடாது; பொதுநிலையினராகவே நின்று இப்பணியைச் செய்ய வேண்டும். வரப்புச் சண்டை தீர்த்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலையில் அவரும் அதே வரப்பில்தான் நின்றார்.