சிலை போயிற்று, பெயர் நின்றது

ரோமாபுரியின் கொலோசியத்தைப் படத்திலாவது பார்க்காதவர் இருக்க முடியாது. 188 மீட்டர் நீளம், 156 மீட்டர் அகலம், ஏறக்குறைய 50 மீட்டர் உயரம். இத்தனை பெரிய கட்டடத்துக்குப் 'பிரம்மாண்டம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் கட்டியவர்கள் அந்தப் பெயரை வைக்கவே இல்லை. அது எப்படி வந்தது என்று தேடிப்போனால் ஒரு பழிவாங்கலின் கதை கிடைக்கிறது. என் போன்ற கதைக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

'கொலோஸஸ்' என்பது கிரேக்கச் சொல். ஆதியில் அதற்குச் சிலை என்றுதான் பொருள். சிறிதாக இருந்தாலும் சிலைதான். கி.மு. 280-ஐ ஒட்டி ரோட்ஸ் தீவில் சூரிய தேவனுக்கு 30 மீட்டருக்கு மேல் உயரமான வெண்கலச் சிலை எழுந்தது. ஐம்பது சொச்சம் ஆண்டுகளில் பூகம்பம் அதைக் கீழே தள்ளிவிட்டது. ஆனாலும் அதன் புகழ் விழவில்லை. அதற்குப் பிறகு 'கொலோஸஸ்' என்றால் ராட்சதச் சிலை என்றே ஆகிவிட்டது.

அந்த ரோட்ஸ் சிலைக்குச் சளைக்காத ஒன்றை நீரோ சக்கரவர்த்தி தமக்கே செய்துகொண்டார். கி.பி. 64-ல் ரோமாபுரி தீப்பற்றி எரிந்ததல்லவா? எரிந்த பூமியில் தங்க மாளிகை கட்டி, நடுவே ஒரு ஏரி வெட்டி, வாசலில் தம் உருவத்தில் வெண்கலச் சிலை நிறுத்த ஏற்பாடு செய்தார். வீடு இழந்த ஜனங்கள் அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

68-ல் நீரோ தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அரியணை ஏறிய வெஸ்பாசியன் நல்ல தந்திரசாலி. நீரோ தனக்கென்று வளைத்துக்கொண்ட ஏரியை வடித்து, அந்த இடத்திலேயே பொது ஜனங்களுக்கு ஒரு கேளிக்கை அரங்கம் கட்டத் தொடங்கினார். யூத நாட்டுப் போரில் அடித்த கொள்ளைதான் அதற்கு மூலதனம். அவர் மகன் டைட்டஸ் 80-ல் அதைத் திறந்து வைத்து, நூறு நாள் விழா நடத்தினார். மனிதரும் மிருகங்களும் செத்து விழுந்த அந்த விழாவை 'கேளிக்கை' என்று எழுதவே கை கூசுகிறது. ரத்தத்தை உறிஞ்சத் தரையில் மணல் பரப்பினார்கள். லத்தீனில் மணலுக்கு 'அரேனா' என்று பெயர். இன்று பந்தாட்ட மைதானத்தைக்கூட அரேனா என்கிறோம்.

கட்டடத்துக்கு வைத்த பெயர் 'ஆம்பிதியேட்டர்', அதாவது இரு புறமும் இருந்து பார்க்கும் அரங்கு. கட்டிய குலத்தின் பெயரால் இன்று அதை ஃபிளாவிய அரங்கம் என்கிறார்கள் சரித்திர ஆசிரியர்கள்.

நீரோவின் சிலையை வெஸ்பாசியன் உடைக்கவில்லை. அதைச் சூரிய தேவனாக மாற்றிவிட்டார். வெண்கலம் வீணாகவில்லை, நீரோவும் ஒழிந்தார்! பிறகு ஹேட்ரியன் 24 யானைகளைக் கொண்டு அதை நகர்த்தி அரங்கத்தின் பக்கத்தில் நிறுத்தினாராம். கொமோடஸ் தலையைக் கழற்றித் தம் தலையைப் பொருத்திக்கொண்டார். அவர் செத்ததும் மறுபடி சூரியன் வந்துவிட்டான்.

அந்தச் சிலைதான் அக்கம் பக்கத்துக்கு அடையாளம். நம் ஊரில் அரச மரத்தடிப் பிள்ளையாரை வைத்து வழி சொல்வதில்லையா, அப்படி. சிலைக்குரிய சொல் மெல்ல மெல்லப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தாவிற்று. கி.பி. 1000-ஐ ஒட்டிக் கொலோசியம் என்றால் அரங்கம்தான் என்றாகிவிட்டது. பருமனால் வந்த பெயர்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அது ருசிக்கவில்லை. சிலைதான் காரணம் என்றே பெரும்பாலான அறிஞர்களும் சொல்கிறார்கள்.

நீரோவின் சுவடே இருக்கக் கூடாதென்று ஏரியைத் தூர்த்துக் கட்டிய கட்டடம், நீரோவின் சிலைப் பெயரைச் சுமந்து நிற்கிறது. 1923-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் திறந்த விளையாட்டரங்குக்கும் அதே பெயர்தான். சிலையோ என்றோ மறைந்துவிட்டது. உருக்கிக் காசாக்கியிருப்பார்கள் என்பது ஊகம். பீடத்தின் மிச்சம் மட்டும் சாலையோரத்தில் கிடந்தது. முசோலினி ஆட்சியில், 1936-ல், அதையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.