தட்டை அறுத்தவர்களின் வடிவமைப்பு

ரிமோட்டில் இயங்கிப் பாறை ஏறும் சிறு வண்டியான ராக் கிராலரின் சேஸிஸை, அதாவது அடிச்சட்டத்தை, உருவாக்கியவை பெரிய நிறுவனங்களே என்பது பரவலான எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் ஒரு மான்ஸ்டர் டிரக். ஆக்சிலுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். அந்த ஆக்சில்களைப் பாறைக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்க ஆர்வலர்கள். மோட்டார்கள் ஆக்சிலிலேயே இருந்ததால் நடுவில் தாங்க வேண்டிய பாரம் குறைவு. அலுமினியத் தட்டு இரண்டை அறுத்து, வயிற்றைக் குறுக்கி உயர்த்தி, ஆக்சில்களோடு லிங்க் கம்பிகளால் இணைத்தாலே சேஸிஸ் தயார். ஆக்சில் நிறுவனத்துடையது என்பது உண்மைதான். ஆனால் அது பாறைக்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆக்சிலை நான்கு கம்பிகளால் சேஸிஸோடு இணைக்கும் இந்த நான்கு லிங்க் அமைப்பே நிஜப் பாறை வண்டிகளிலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். வந்தது அமைப்பு மட்டுமே, கணக்கு அல்ல. நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. இவ்வளவு லேசான வண்டிக்குச் சட்டம் உடையும் பயம் அதிகமில்லை. எடையை எங்கே வைப்பது என்பதே கேள்வி. பேட்டரியை முன் ஆக்சிலுக்கு இறக்கியதும், முன் சக்கரங்களுக்குள் ஈயம் ஒட்டியதும் அதற்கான விடைகள். பெரிய ஜீப்பை அப்படியே சிறிதாக்கியிருந்தால் இந்த அருமையான விடைகள் கிடைத்திருக்காது. ஆக்சியல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்10 போன்ற, பாறைக்கென்றே செய்த வண்டிகள் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். டிராக்சஸ் நிறுவனம் 2017-இல், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் போர்ட்டல் ஆக்சிலோடு டிஆர்எக்ஸ்-4-ஐ விற்ற பின்னும், சேஸிஸைக் கழற்றிவிட்டுத் தானே வெட்டியதைப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள்.